சாய்ந்த எழுத்தை வாசிக்க வேண்டாம்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாணம் பொருந்திவிட்டால் அது முதலில் ஐயருக்குத் தெரியும், பிறகு நகைக்கடைக்குத் தெரியும், அதற்குப் பிறகு சுபோதினிக்குத் தெரியும். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்துகொண்டு அவள் அழைப்பிதழ் வடிவமைக்கிறாள். ஐயருக்கும் நகைக்கடைக்கும் வந்தவர் சொல்வதைக் கேட்கும் பழக்கம் உண்டு. சுபோதினிக்கு அது கிடையாது. மூலைக்கொரு மயில், நடுவில் தங்கத் தூள், பிள்ளையார் தும்பிக்கையில் ஒரு இதயம் என்று யாராவது கேட்டு வந்தால், "தாராளமாப் போடலாம், ஆனா வேற இடத்தில போடுவியுங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அப்படியும் ஆட்கள் அவளிடம்தான் வந்தார்கள். அவள் செய்த அட்டையைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

அவளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஆங்கிலத்தின் சாய்ந்த எழுத்து. அதிலும் நுனியில் சின்னக் கொளுக்கிகள் வைத்த பழைய பாணி எழுத்துத்தான் வேண்டும். அதைப் பற்றி யாராவது வாயைக் கொடுத்தால் தப்பி ஓட முடியாது. நேர் எழுத்தைப் பிடித்துச் சரித்துவிட்டால் சாய்ந்த எழுத்து ஆகிவிடும் என்று நினைப்பவர்களை அவளால் மன்னிக்கவே முடியாது. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் இத்தாலியில் நல்ல கையெழுத்துக்காரர் எழுதியதைப் பார்த்து உலோகத்தில் வெட்டிய எழுத்து அது. ஆகவேதான் அதில் 'a' தலையில் இருந்த கூரையைக் கழற்றிவிட்டு ஒற்றை வட்டமாகிறது. 'f' என்பது வரிக்குக் கீழே வாலை இறக்குகிறது. ஒவ்வொரு எழுத்தும் பேனா தாளில் பட்ட இடத்தில் மெல்லத் தொடங்கி, அடுத்த எழுத்தை நோக்கி ஒரு சின்ன எட்டு எட்டி முடிகிறது. புத்தகத்தின் பெயர், கப்பலின் பெயர், அந்நிய பாஷைச் சொல், ஒருவர் வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் நினைப்பது, இவையெல்லாம் அந்த எழுத்துக்கு உரியவை. செபப் புத்தகங்களில் "இப்போது எழும்பவும்", "இப்போது அமரவும்" என்று வருவதும் அதில்தான். அது வாய்க்கு உரியதல்ல, கண்ணுக்கு மட்டும்.

தமிழுக்கு அப்படி ஒன்று இல்லை என்பது அவளுடைய தீராத மனக்குறை. கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினால் தமிழ் எழுத்தும் சாயும்தான். ஆனால் மட்டக்குளி பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் மாதிரி இருக்கும்.

இப்படி வாயால் ஊரை வெல்லும் சுபோதினிக்கு வாய்த்த கணவர் யோகநாதன், வாயைத் திறக்கவே யோசிக்கிறவர். சிறு வயதிலிருந்தே அவருக்குத் திக்குவாய். அரசாங்கத்தில் வரைபடம் வரைந்து ஓய்வுபெற்றவர். வரைபடத்தோடு கதைக்கத் தேவையில்லை என்பதால் அந்த உத்தியோகம் அவருக்கு நன்றாக ஒத்துப்போயிற்று. மற்ற எல்லா இடத்திலும் அவருக்காக சுபோதினி கதைத்தாள். டொக்டரிடம் போனால் அவருக்கு எந்த இடத்தில் நோகிறது என்று அவள் சொல்வாள். பேக்கரி முதலாளியிடம் சிங்களத்தில் பாண் கேட்பதும் அவள்தான். அவரை அடக்கி வைக்கவேண்டும் என்று செய்ததல்ல. அவர் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டும்போது எதிரில் நிற்பவர்களின் முகத்தை அவளால் தாங்க முடியாது. சிலர் நிலத்தைப் பார்ப்பார்கள். சிலர் உதவி செய்கிறோம் என்று அவருடைய சொல்லைத் தாங்களே முடித்துவைப்பார்கள், அதுவும் பெரும்பாலும் பிழையாக. அந்த முகங்கள் வருவதற்கு முன்பே அவள் முந்திக்கொள்வாள். கட்டிய நாள்முதல் அப்படியே பழகிப்போயிற்று.

அவர்களுடைய ஒரே மகன் ஜனா. அவன் விரும்பிய பெண் அனெற், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பம். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் பஸ் ஓடும் தூரம் கொஞ்சம்தான் என்றாலும், சொந்தக்காரர் வாய் ஓடும் தூரம் அதிகம். ஆனால் இரண்டு வீட்டாரும் முகம் கோணாமல் பேசி முடித்தார்கள். கொட்டாஞ்சேனையில் கோயிலில் ஒரு சடங்கு, அடுத்த கிழமை வெள்ளவத்தை மண்டபத்தில் தாலிகட்டு. தேவாலயத்தை அவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள் என்பதே சுபோதினிக்குப் பாதித் தைரியத்தைக் கொடுத்தது.

மீதித் தைரியம் போன இடம் பாதர் றெஜியின் அறை. கலியாண ஒழுங்குகளைப் பற்றிக் கதைக்க இரு பகுதிப் பெற்றோரையும் அவர் கூப்பிட்டிருந்தார். தேநீர் கொடுத்து, எல்லாவற்றையும் அன்பாகச் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னார்.

"மோதிரம் மாத்தினதுக்குப் பிறகு ரெண்டு தகப்பன்மாரும் முன்னுக்கு வந்து பிள்ளைகளை ஆசீர்வதிச்சு ஒவ்வொரு வசனம் சொன்னா வடிவா இருக்கும். நீங்களே சொந்தமாச் சொல்லலாம்."

அனெற்றின் அப்பா சவிரிமுத்து துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். இப்போதும் கீழே கப்பல்தட்டில் நிற்கிறவனோடு கதைப்பதுபோலத்தான் கதைப்பார். "ஒண்டு என்ன பாதர், பத்து வசனம் சொல்லுவன்" என்று அறை அதிரச் சொன்னார். யோகநாதன் சுபோதினியைப் பார்த்தார். சுபோதினி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் யோகநாதன் கோட்டை தாண்டி, கடல் தெரியத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எ-என்னை விட்டிடும். நா-நான் வரேல்ல."

"எதுக்கு வரேல்ல? வசனம் சொல்லவோ, கலியாணத்துக்கோ?"

அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பினார். கலியாணத்துக்குத்தான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

அன்று பின்னேரம் ஜனாவுக்குச் சொன்னபோது அவன் கோபிக்கவில்லை. "அப்பா ஒண்டும் சொல்லத் தேவையில்லை அம்மா. வந்து நிண்டால் காணும். அவர் இல்லாமல் நான் அங்க போய் நிக்கமாட்டன்" என்றான். தகப்பனின் பிடிவாதம் அவனுக்கும் இருந்தது.

சுபோதினி அடுத்த நாளே பாதருக்கு அழைப்பு எடுத்து, சடங்குப் புத்தகத்தைத் தானே செய்து தருவதாகச் சொன்னாள். மாப்பிள்ளையின் தாய் ஆசையோடு கேட்கிறாள் என்று அவர் சந்தோஷப்பட்டார். ஆசையும் இருந்ததுதான். ஆனால் யார் எப்போது என்ன சொல்லவேண்டும் என்பது புத்தகம் செய்கிறவர் கையில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு பக்கம் தமிழ், எதிர்ப் பக்கம் ஆங்கிலம். குரு சொல்வது நேர் எழுத்தில். மக்கள் சொல்வது தடித்த எழுத்தில். செய்யவேண்டியவை சாய்ந்த எழுத்தில். ஆங்கிலப் பக்கம் ஒரு பின்னேரத்தில் முடிந்தது, அவளுடைய செல்ல எழுத்து அங்கே வீட்டுக்காரனைப்போல் உட்கார்ந்துகொண்டது. தமிழ்ப் பக்கம்தான் உயிரை எடுத்தது. எழுத்தைச் சரித்தால் 'ண'வின் சுழிகள் நசுங்கின, கொம்பு பக்கத்து எழுத்தின்மேல் விழுந்தது, 'ழ'வின் கால் தடுக்கியது. அவள் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, சுழியைக் கொஞ்சம் விரித்து, கொம்பைக் கொஞ்சம் நிமிர்த்தி, பேனாவால் எழுதினால் எப்படி வளையுமோ அப்படி வளைத்தாள்.

"அம்மா, இதை ஆர் பாக்கப்போகினம்?" என்றான் ஜனா.

"ஒருத்தரும் பாக்கக்கூடாது. பாத்தால் நான் எங்கையோ பிழைவிட்டனான் எண்டு அர்த்தம்."

ஆசீர்வாதப் பக்கம் வந்தது. சவிரிமுத்துவின் வசனத்தை அவரிடமே கேட்டு வாங்கி, பத்தை ஒன்றாக்கி, நேர் எழுத்தில் போட்டாள். அதற்குக் கீழே, மிக அழகாக வளைந்த தன் புதுச் சாய்ந்த எழுத்தில், ஒரு வரி போட்டாள்.

மணமகனின் தந்தை மணமக்களின் தலையில் கைவைத்து மௌனமாக ஆசீர்வதிக்கிறார்.

பாதர் றெஜி பிரதியை வாசித்துக்கொண்டு வந்தவர் அந்த வரியில் நின்றார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் தன் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கத்தின் ஓரத்தில் சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கேட்காமல் விட்டதற்காக அவருடைய காலில் விழலாம்போல் இருந்தது அவளுக்கு.

வீட்டில் யோகநாதனிடம் காட்டினாள். "இஞ்சேருங்கோ, நல்லாப் பாருங்கோ. இது சாய்ஞ்ச எழுத்து. இதை ஒருத்தரும் வாயால சொல்லுறேல்ல. நீங்கள் போய்த் தலையில கையை வச்சிட்டு வந்தால் முடிஞ்சுது." அவர் அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். விரலால் ஒருமுறை தடவினார். "வ-வடிவா இருக்கு" என்றார். பிறகு, "வாறன்" என்றார். அந்தச் சொல் தடுக்காமல் வந்தது. சுபோதினி அடுக்களைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அச்சடித்துக் கொடுத்த நபீஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சாஞ்ச எழுத்து நல்ல வடிவா ஈக்கிது அக்கா" என்றான். யாரும் பார்க்கக்கூடாது என்று செய்ததை அவன் பார்த்துவிட்டான். அவளுக்கு அதிலும் ஒரு சந்தோஷம்தான்.

கலியாண நாள் காலை வெள்ளவத்தையிலிருந்து ஒரு பஸ் புறப்பட்டது. அதில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வாழ்நாளில் ஒரு தேவாலயத்துக்குள் கால் வைத்தவர்கள் அல்லர். எங்கே செருப்பைக் கழற்றுவது என்பதிலேயே பஸ்ஸுக்குள் இரண்டு கட்சி. நடு இருக்கையில் பாமன்கடையில் இருக்கும் தையல்நாயகி மாமி. யோகநாதனின் அப்பாவுடைய தங்கை, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. குரல் மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை.

சுபோதினிக்கு ஒரு பயம் இருந்தது. நம்முடைய ஆட்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றால், பெண்வீட்டார் என்ன நினைப்பார்கள்? பஸ்ஸுக்குள் எழும்பி நின்று புத்தகங்களைக் கொடுத்தாள்.

"எல்லாரும் கேளுங்கோ. புத்தகத்தில இருக்கிறதை ஒண்டும் விடாமல் நல்ல சத்தமா வாசிக்க வேணும். எங்கட பக்கம் அமைதியா இருக்கக்கூடாது."

"அதை என்னட்டை விடு பிள்ளை" என்றார் தையல்நாயகி மாமி.

எழுத்து எழுத்தாக வளைத்தவள், சாய்ந்ததை வாசிக்க வேண்டாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல மறந்துபோனாள். ஏன் சொல்லவேண்டும்? அவளுக்கு அது மூச்சுவிடுவது மாதிரித் தெரிந்த விஷயம்.

கோயில் நிறைந்திருந்தது. வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார், இடப்பக்கம் பெண்வீட்டார். அனெற் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தபோது வெள்ளவத்தைப் பெண்கள் பலரும் காரணம் தெரியாமல் அழுதார்கள். பாதர் றெஜி முதல் செபத்தைச் சொன்னார். இரண்டு பக்கமும் "ஆமென்" என்றது. வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலான சத்தத்தில் சொன்னது. சுபோதினிக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வரி தையல்நாயகி மாமியின் குரலில் கிளம்பியது.

"அனைவரும் அமரவும்."

மாமிக்குப் பின்னால் பஸ் முழுவதும் ஒரே குரலில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி இழுத்துச் சொன்னது: "அனைவரும் அமரவும்." சொல்லிவிட்டு ஒருவர்கூட அமரவில்லை. அடுத்து என்ன வாசிக்க வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடப்பக்கம் முழுவதும் அமர்ந்திருந்தது. முன்வரிசையில் இருந்த அனெற்றின் தோழிகள் கையால் வாயைப் பொத்தினார்கள்.

சுபோதினிக்குக் காது இரண்டும் சுட்டன. பின்னால் திரும்பிக் கையைக் காட்டினாள், இருங்கோ, வாசிக்காதேங்கோ என்று. அமர்ந்தார்கள். ஆனால் கையைக் காட்டியதற்கு இன்னும் சத்தமாக வாசி என்று மாமி அர்த்தம் எடுத்துக்கொண்டார். பாதர் ஒரு சின்ன மறையுரை ஆற்றி முடித்ததும் அடுத்த சாய்ந்த வரி வந்தது.

"சற்று நேரம் மௌனம் காக்கவும்!" என்று வெள்ளவத்தை முழங்கியது.

இப்போது சிரிப்பு தோழிகளைத் தாண்டிப் பரவியது. சுபோதினி தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் புத்தகத்தைச் செய்த கையை வெட்டிப் போடலாம்போல் இருந்தது. பக்கத்தில் இருந்த யோகநாதனைப் பார்க்கவும் பயமாக இருந்தது. அவரை ஒரு சிரிப்பிலிருந்து காப்பாற்றக் கூட்டிவந்து, முழுச் சனத்தையும் சிரிப்புக்கு இடமாக்கிவிட்டாள்.

பாதர் சிரிக்கவில்லை. அவர்கள் வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு உண்மையாகவே சற்று நேரம் மௌனமாக நின்றார்.

அடுத்த வரிக்கு மாமி மூச்சை இழுத்தார். "அனைவரும்" என்று தொடங்கியபோது இடப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. கப்பல்தட்டு வரை கேட்கும் குரல். சவிரிமுத்து எழுந்து நின்று, புத்தகத்தை நீட்டிப் பிடித்து, "எழுந்து நிற்கவும்" என்று வாசித்தார். வாசித்துவிட்டுத் தன் சனத்தைப் பார்த்து, பாரத்தைத் தூக்கச் சொல்வதுபோல் கையை உயர்த்தினார். அவ்வளவுதான். அடுத்த சாய்ந்த வரியைக் கோயில் முழுவதும் வாசித்தது. சிரித்த தோழிகளும் வாசித்தார்கள். ஜனாவோடு வேலைசெய்யும் சிங்களப் பிள்ளைகள் எதிர்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்தார்கள். பிறந்தநாள்முதல் இந்தச் சடங்கை மனப்பாடமாய் அறிந்த கொட்டாஞ்சேனைச் சனம், வந்தவர்கள் தனியாகப் பிழைவிடக்கூடாது என்பதற்காகத் தாங்களும் சேர்ந்து பிழைவிட்டது. சுபோதினி குனிந்த தலையை நிமிர்த்தினாள். இந்த மனிதர்களுக்கு என்ன செய்து இந்தக் கடனைத் தீர்ப்பது என்று நினைத்தாள். மகனுக்கு நல்ல வீட்டில்தான் பெண் எடுக்கிறோம் என்று அவளுக்கு அந்த நிமிடத்தில் நிச்சயமாகத் தெரிந்தது.

அப்போதுதான் பக்கத்தில் அந்தக் குரலைக் கேட்டாள். தாழ்ந்த, கனமான ஆண்குரல், ஒரு சொல்லிலும் தடுக்காமல் கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது. யோகநாதன் வாசித்துக்கொண்டிருந்தார். கோயில் பஜனையில் எல்லாரோடும் சேர்ந்து பாடும்போது அவருக்குத் திக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பாட்டில்லாத வெறும் வசனத்தில், இத்தனை பேருக்கு நடுவில், அவள் இதுவரை கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுமோ என்று அவள் நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோதிரம் மாற்றினார்கள். சவிரிமுத்து முன்னால் போய்த் தன் வசனத்தைச் சொன்னார். ஒன்று என்று அச்சடித்திருந்ததை மூன்றாக்கிச் சொன்னார். யோகநாதன் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார், புத்தகம் கையில். கோயில் முழுவதும் அடுத்த வரியை எடுத்தது, யோகநாதனும் சேர்ந்து வாசித்தார்.

"மணமகனின் தந்தை மணமக்களின் தலையில் கைவைத்து மௌனமாக ஆசீர்வதிக்கிறார்."

அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு தலையிலும் கைவைத்தார். கோயில் அடங்கியது. எழுதியபடி எல்லாம் நடந்துவிட்டது, இனி அவர் திரும்பி வந்தால் சரி. சுபோதினி மூச்சை விட்டாள்.

அவர் திரும்பவில்லை.

"அ... அ..."

பெயரின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. சுபோதினியின் வாய்க்குள் 'அனெற்' என்ற சொல் தயாராக வந்து நின்றது. பாதி எழும்பியும் விட்டாள். முன்வரிசையிலிருந்து மெல்லச் சொன்னாலே போதும், அவருக்குக் கை கொடுத்ததாகிவிடும். அவள் சவிரிமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெரிய மனிதர் நிலத்தைப் பார்க்கவில்லை. சொல்லை முடித்துவைக்கவும் இல்லை. இன்றைக்கு இதற்குத்தான் வந்தேன் என்பதுபோல் யோகநாதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுபோதினி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அ-அனெற்றை... எ-எங்களுக்குத் தந்த... உ-உங்கள் எல்லாருக்கும்... ந-ந-நன்றி. பிள்ளையள்... ந-நல்லா இருக்கோணும்."

ஒவ்வொரு சொல்லும் வெளியே வர நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் ஒருவரும் இருமக்கூட இல்லை. ஜனா தகப்பனின் கையைத் தலையிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சவிரிமுத்து யோகநாதனைக் கட்டிப்பிடித்தார். பெருகி வந்த கண்ணீரை சுபோதினி துடைக்கவில்லை. நல்லபடியாகக் கிடைத்த ஒன்றுக்கு அழுவதில் என்ன வெட்கம் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு அடுத்த பின்வரிசையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. தையல்நாயகி மாமி புத்தகத்தை முன்னுக்கும் பின்னுக்குமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, சுபோதினியின் தோளைத் தட்டி, தன்னால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டார்.

"இப்ப தம்பி சொன்னது எத்தினையாம் பக்கம் பிள்ளை? நாங்களும் சொல்ல வேணுமெல்லே."

"அது புத்தகத்தில இல்லை மாமி. அவர் தானாச் சொன்னவர்."

மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"இவ்வளவு நல்லாச் சொல்லுறவனுக்கு நீ ஒரு வரி விட்டிருக்கலாமே" என்றார்.

"ஓம் மாமி," என்றாள் சுபோதினி. "விட்டிருக்கலாம்."